திருவெள்ளறைக் கிணற்றடியில் ஒரு வழக்கு

பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்தபோது என் மாமியாரான அத்தையும் நானும் பேசிக்கொள்ளவில்லை. இந்த வெயிலில் இனி ஓர் அடி நடக்கமாட்டேன் என்று அவர். மதிலுக்கு வெளியே இருக்கும் கிணற்றைப் பார்க்காமல் திருச்சிக்குத் திரும்பமாட்டேன் என்று நான்.

வாளி இறக்கி நீர் இறைக்கும் கிணறு அல்ல அது. நான்கு பக்கமும் அகலமான படிகள் இறங்கி, வழியில் மடங்கித் திரும்பி, நடுவிலுள்ள தண்ணீரைச் சேர்கின்றன. மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக வடிவம். ஒரு படித்துறையில் குளிப்பவர் இன்னொரு துறையில் இருப்பவர் கண்ணில் படமாட்டார். கதவு, தட்டி எதுவும் இல்லை. அந்தத் திருப்பம்தான் மறைப்பு. பல்லவன் தந்திவர்மனின் 5ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 800இல், ஆலம்பாக்கத்து விசையநல்லூழான் தம்பி கம்பன் அரையன் கட்டி முடித்தது. அரசனின் பட்டப்பெயரால் மார்ப்பிடுகு பெருங்கிணறு என்றார்கள். ஊரார் குளிக்கும் இடம்தானே என்று விட்டுவிடாமல் உத்தரக் கற்களில் சிற்பங்களும் செதுக்கியிருக்கிறார்கள். அந்த அக்கறை என்னை அங்கேயே நிறுத்திவிட்டது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா அருகே வந்தார். "இது மாமியா மருமவ கெணறு. ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்காம குளிக்கட்டும்னு கட்டுனது."

அத்தைக்குச் சுருக்கென்றது. "எங்க சண்டைக்காகவா இவ்ளோ கல்லச் சுமந்தாங்க? பொம்பளைங்க மானமா குளிக்கணும்னு கட்டிருப்பாங்கம்மா."

"அப்ப எங்க பாட்டி சொன்னது பொய்யா?"

இருவர் குரலும் உயர்ந்தது. ஆடுகள் தூரமாகப் போகவே அந்த அம்மா விட்டுக்கொடுக்காமலே நகர்ந்தார்.

பிறகு அத்தை என்னிடம் சொன்னார்: "கல்யாணமாகி முத்தாபுதுப்பேட்டைக்கு வந்தப்ப வீட்டுல பாத்ரூம் கிடையாது. கிணத்தடியில புடவையக் கட்டிட்டு, விடியறதுக்குள்ள குளிச்சிடுவேன். ஆள் நடமாட்டம் கேட்டா பாதியில எழுந்து ஓடணும்."

அதே வீட்டில்தான் நான் இன்று தாழ்ப்பாள் போட்டு, நேரம் பார்க்காமல் குளிக்கிறேன். இத்தனை வருடத்தில் அவர் இதைச் சொன்னதே இல்லை.

யார் கட்டினார், எப்போது கட்டினார் என்பதைக் கல்வெட்டு சொல்கிறது. இந்த வழக்குக்கு அதில் தீர்ப்பு இல்லை. நான் அத்தை கட்சி. கோபுரங்களை அண்ணாந்து பார்த்துப் பழகிய நமக்கு, குளிப்பவரின் கூச்சத்தை மதித்த இந்தப் பள்ளமும் பெரிய கட்டடக்கலைதான். இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. திருவெள்ளறைக்குப் போகிறவர்கள் சேவித்த கையோடு வண்டி ஏறிவிடாதீர்கள். வீட்டுப் பெரிய பெண்களையும் அழைத்துக்கொண்டு இந்தக் கிணற்றடிக்குப் போங்கள்.