தூறல்

சியாட்டிலில் மழை பெய்கிறது என்று சொல்வது தப்பு. தூறுகிறது. குடை பிடித்தால் ஊருக்குப் புதுசு என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். 2018 மே மாதம் அங்கே அக்கா பையன் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப்பிக்கொண்டு போனான். போய் நின்ற இடம், வாஷிங்டன் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூங்கா. ஒரு மரபெஞ்சு. அதன் மேல் முழுக்கக் கிறுக்கல், நாலைந்து வாடின பூ.

“இதுக்காடா வந்தோம்?”

“பக்கத்து வீடுதான் மாமா கர்ட் கோபேன் வீடு.”

நிர்வாணாவை எனக்கும் கொஞ்சம் தெரியும். 600 டாலர் சொச்சத்தில் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்த பையன்கள். 1991-ல் வந்த ‘நெவர்மைண்ட்’, அடுத்த ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனையே முதலிடத்திலிருந்து இறக்கியது. கிரஞ்ச் என்றால் அழுக்கு. அந்த இரைச்சலுக்குச் சரியான பேர்தான் என்று அப்போது நினைத்தேன். கோபேன் 1994 ஏப்ரல் 5 அன்று, 27 வயதில், தற்கொலை செய்துகொண்டார்.

ஆனால், பையன் சொன்னது அதற்கு முந்தைய கதை. இதே ஊரில் ஆண்ட்ரூ வுட் என்று ஒரு பாடகர். மதர் லவ் போன் அவருடைய குழு. முதல் ஆல்பம் வெளிவருவதற்குள், 1990 மார்ச்சில், ஹெராயின் கொண்டுபோய்விட்டது. வயது 24. அவரோடு ஒரே வீட்டில் குடியிருந்தவர் சவுண்ட்கார்டன் பாடகர் கிறிஸ் கார்னெல். துக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? நண்பனுக்காக இரண்டு பாட்டு எழுதினார். இறந்தவரின் குழுவில் மிச்சமிருந்தவர்களைக் கூப்பிட்டார். இரண்டு பாட்டு ஒரு முழு ஆல்பம் ஆயிற்று. ‘டெம்பிள் ஆஃப் தி டாக்’. ஒத்திகையில் கீழ் ஸ்தாயியில் கார்னெல் திணறியபோது, ஓரமாக நின்ற புதுப் பையன் மைக் முன்னால் வந்து அந்த வரியைப் பாடினாராம். சான்டியாகோவிலிருந்து வந்த எடி வெடர். பேர்ல் ஜாம் அப்படித்தான் உருவாகிக்கொண்டிருந்தது. எழவு வீட்டில் கூடினவர்கள் கட்டின குழு!

“அந்த கார்னெலும் போன வருஷம் இதே மே மாசம் போயிட்டார் மாமா. அதுவும் தற்கொலை. கச்சேரி முடிச்சுட்டு ஓட்டலுக்குப் போனவர்.”

கொஞ்ச நேரம் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆலிஸ் இன் செயின்ஸ்ல லேன் ஸ்டேலின்னு ஒருத்தர். 2002-ல செத்தார். அதுவும் ஏப்ரல் 5. ரெண்டு வாரம் கழிச்சுத்தான் கதவைத் திறந்து பார்த்திருக்காங்க. நான் இங்க வந்த புதுசுல தினம் ராத்திரி அவர் பாட்டுதான். தூக்கமே வராது. வேலைக்கும் ஒழுங்காப் போகலை. நம்ம கதவை எத்தனை நாள் கழிச்சு வந்து திறப்பாங்கன்னு கணக்குப் போடுவேன்.”

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த நாட்களில் வாரா வாரம் இவனிடம் பேசியவன் நான். சாப்பிட்டியா, அங்கே குளிரா, சம்பளம் ஏறிச்சா? மூன்றே கேள்வி.

“இந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் அப்படி ஆச்சோ?”

“இல்ல மாமா. அப்போ என்கூட முழிச்சிட்டு இருந்தது அது ஒண்ணுதான். அப்புறம் ஆபீஸ்ல ஒருத்தன் பிடிச்சு இழுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட விட்டான்.”

திரும்பும்போது காரில் கார்னெலும் வெடரும் சேர்ந்து பாடுகிற அந்தப் பாட்டைப் போட்டான். ஒருவர் கீழே நிற்க, இன்னொருவர் மேலே மேலே போகிறார். வார்த்தை பாதி புரியவில்லை. இரைச்சல் என்று இந்த முறை தோன்றவில்லை.

பாதிப் பாட்டில் ஊரிலிருந்து அக்கா போன். பாட்டின் சத்தத்தைக் குறைத்தான்.

“நல்லா இருக்கேம்மா. இங்கயா? தூறல்தான்.”

நான் அவன் கையிலிருந்து போனை வாங்கவில்லை.