பின்பக்கப் பாட்டு

பழைய ஷோனெஃபெல்ட் விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு ரெஸ்ரோரன்ற் குசினியில் கோப்பை கழுவுகிறோம் நாங்கள். கம்பஸ் படிப்பை அரைவாசியில் விட்டவர்கள். எங்கள் சமையல்கார அண்ணை 1985 தொடக்கத்தில் இதே ஷோனெஃபெல்டில் இறங்கி, எஸ்-பானில் ஏறி மேற்கு பெர்லினுக்குள் போனவர். மேற்குக்காரர் அதை எல்லையென்று ஒத்துக்கொள்ளாததால் அப்போது அந்தப் பக்கம் பாஸ்போட் பார்த்ததில்லை.

முதற் சம்பளத்தில் அவர் வாங்கிய கசெற் இன்னும் குசினியில் பாடுகிறது. ‘த ஸ்மித்ஸ்’ குழுவின் ‘ஹற்ஃபுல் ஒஃப் ஹொலோ’, 1984 நவம்பரில் வந்தது. மான்செஸ்ரர் பெடியள் பிபிசி வானொலிக்கு வாசித்தவை, தனி இசைத்தட்டுகள், அவற்றின் பின்பக்கத்தில் கிடந்தவை என்று பதினாறு பாட்டுகள். ‘ஹவ் சூன் இஸ் நவ்?’ முதலில் வேறொரு பாட்டின் பின்பக்கத்தில் வந்ததுதான். 1985 ஜனவரியில்தான் முன்பக்கம் ஏறியது. எங்களுக்கு முதலில் வெறும் இரைச்சல். இப்போது அது இல்லாமல் கோப்பை நகராது.

இரண்டாம் பக்கத்தில் ‘பாக் ரு தி ஓல்ட் ஹவுஸ்’ வரும். பழைய வீட்டுக்குத் திரும்ப மனமில்லாத ஒருவரின் பாட்டு. போன கிழமை எங்களில் ஒருவனுக்குத் தஞ்சக் கோரிக்கையை நிராகரித்துக் கடிதம் வந்தது. அன்றிரவு அந்தப் பாட்டு வரும் நேரம், அண்ணை மாக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நாடாவை முன்னுக்கு ஓட்டிவிட்டார்.