வருகைத் தாள்

காலை ஒன்பது மணி. பள்ளி நடைகூடத்தில் இரண்டு சின்ன நாற்காலி, ஒரு மேசை, ஒரு நிறுத்துக் கடிகாரம். மூன்றாம் வகுப்புச் சிறுமி உரக்க வாசிக்கிறாள். எதிரே வாசிப்பு ஆசிரியை. கையில் பென்சில். பிசகிய சொல்லின் மேல் ஒரு சாய்கோடு விழுகிறது.

கதையில் நாய் வேலியைத் தாண்டிவிட்டது. பையன் விசிலடிக்கிறான். நாய் நின்று, திரும்பி...

அறுபது விநாடி. கடிகாரம் கூவுகிறது. கடைசிச் சொல்லுக்குப் பக்கத்தில் ஆசிரியை ஓர் அடைப்புக்குறி போடுகிறார். வாசித்த சொற்களிலிருந்து பிசகியவை கழிகின்றன. ஓர் எண் மிஞ்சுகிறது.

"நாய் வந்துச்சா?" என்கிறாள் சிறுமி.

"நல்லா வாசிச்சே, கண்ணு. அடுத்த ஆளை வரச் சொல்லு."

ஆண்டுக்கு மூன்று முறை இந்த மேசை நடைகூடத்துக்கு வருகிறது. தொடக்கத்தில், நடுவில், முடிவில். இது மே மாதம். முடிவு.

ஆசிரியையின் சம்பளம் இரண்டு பைகளிலிருந்து வருகிறது. ஒன்று மாவட்டத்தின் பை. மற்றது வாஷிங்டனிலிருந்து வரும் 'டைட்டில் ஒன்' பணம். எந்த மணிநேரம் எந்தப் பைக்கு என்று தாளில் நிரப்பிக் கையெழுத்திடுகிறார். நீல மையில். கறுப்பு மை என்றால் நகலோ என்று சந்தேகம் வருமாம்.

நடைகூடச் சுவரில் சட்டமிட்ட படம். 1965 ஏப்ரல் 11, ஞாயிறு. தான் சிறுவனாகப் படித்த ஓரறைப் பள்ளியின் வாசலில், வெளியே போட்ட மேசையில், ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் பள்ளிக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திடுகிறார். பக்கத்தில் அவருடைய முதல் ஆசிரியை கேட் டெட்ரிச் லோனி. சட்டத்தின் முதல் தலைப்பில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் பணம். பணத்துக்குத் தலைப்பே பெயராகிவிட்டது. சட்டம் 2002இல் 'எந்தப் பிள்ளையும் பின்தங்கக் கூடாது' ஆகிறது. 2015இல் 'ஒவ்வொரு மாணவரும் வெல்கிறார்' ஆகிறது. முதல் தலைப்பு முதல் தலைப்பாகவே இருக்கிறது.

இந்தப் பள்ளி தெற்கு டெக்சஸில், சான் அன்டோனியோவிலிருந்து மெக்சிகோ எல்லைக்கு இறங்கும் நெடுஞ்சாலை ஓரம். இதே சாலையில்தான் கொட்டூலா. 1928இல் ஜான்சன் அங்கே மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளுக்கு வாத்தியார். படத்துக்குக் கீழே தண்ணீர்க் குழாய். குழாயில் 'வேலை செய்யவில்லை' என்ற சீட்டு. சீட்டின் ஓரம் மஞ்சளாகிவிட்டது.

மணி மூன்றேகால். பேருந்துகள் போய்விட்டன. நூலகத்தில் கூட்டம். பொருள்: அடுத்த ஆண்டுக்கான விரிவான தேவை மதிப்பீடு.

நாற்காலிகள் சிறு பிள்ளைகளுக்கானவை. பெரியவர்கள் முழங்காலை மார்போடு அணைத்தபடி உட்கார்கிறார்கள்.

வாசல் மேசையில் வருகைத் தாள், நீலப் பேனா இரண்டு, ஒரு தட்டு குக்கீஸ். குக்கீஸ் முதல்வரின் சொந்தக் காசு. டைட்டில் ஒன்னில் வாங்கினால் தணிக்கையில் ஒவ்வொரு குக்கீக்கும் ஒரு கேள்வி வரும்.

தாளில் கட்டங்கள். முதல்வர். ஆசிரியர். உதவி ஆசிரியர். மாவட்ட அலுவலகம். பெற்றோர். பெற்றோர் கட்டத்தில் நான்கு கோடுகள். ஒன்றில்தான் பெயர்.

அந்தப் பெயருக்குரியவர் ஒரு பாட்டி. பேரனின் பையைத் தானே மாட்டியிருக்கிறார். ஆங்கிலம் கொஞ்சம். உதவி ஆசிரியை அவர் காதருகே குனிந்து ஸ்பானிய மொழியில் சொல்கிறார். முதல்வர் மூன்று நிமிடம் பேசியது மூன்று சொல்லில் முடிகிறது. பாட்டி தலையசைக்கிறார்.

புத்தக அடுக்குகளின் கோடியில், தரையில், காலையில் வாசித்த சிறுமி. யாருக்கோ காத்திருக்கிறாள். எதிரே 636.7 என்ற எண். நாய்ப் புத்தகங்களின் அடுக்கு.

ப்ரொஜெக்டர் உறுமுகிறது. அதன் முதுகில் ஒரு சிறு ஒட்டுச்சீட்டு: டைட்டில் ஒன், வாங்கிய ஆண்டு, ஓர் எண். ஃபெடரல் பணத்தில் வந்த சாமான்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் போய் எண்ண வேண்டும். தொட்டுப் பார்த்து எண்ணுகிறார்கள்.

மாவட்ட அலுவலகத்து அம்மாள் திரையில் ஒரு கணக்கைக் காட்டுகிறார். பிள்ளைகளில் 40 சதவீதம் ஏழைகள் என்றால் பணத்தைப் பள்ளி முழுவதற்கும் செலவிடலாம். 39 என்றால், விலக்கு வாங்காதவரை, பெயர் குறித்த பிள்ளைகளுக்கு மட்டும். இங்கே மதியச் சாப்பாடு எல்லோருக்கும் இலவசம். வீட்டு வருமானம் கேட்கும் படிவம் கிடையாது. அதனால் உணவு மானியம் போன்ற உதவி வாங்கும் வீடுகளின் பிள்ளைகளை எண்ணி 1.6ஆல் பெருக்குகிறார்கள். பத்துப் பிள்ளை பதினாறு பிள்ளை ஆகிறது. பதினொரு பிள்ளை 17.6. அந்த .6 பிள்ளையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அடுத்த திரை. சிவப்பு, மஞ்சள், பச்சைப் பட்டைகள். காலையின் அறுபது விநாடிகள் எல்லாம் சேர்ந்து மூன்றாம் வகுப்பு என்ற ஒரு பட்டை. அது மஞ்சள்.

1965இல் அந்தச் சட்டத்தின் செனட் விசாரணையில் செனட்டர் ராபர்ட் கென்னடி விடாமல் கேட்டது இதைத்தான். பணம் போகட்டும், பிள்ளை படிக்கிறதா என்று அளந்து சொல்லுங்கள். பட்டைகள் ஒளிர்கின்றன.

பிறகு நடப்பு ஆண்டுத் திட்டத்தின் மதிப்பீடு. ஒவ்வொரு வரிக்கும் ஒரு பட்டியல் விரிகிறது. நிறைவேறியது. தொடர்க. முன்னேற்றம் இல்லை. கைவிடுக. சுட்டி 'தொடர்க'வில் நிற்கிறது. அடுத்த வரி. தொடர்க. அடுத்த வரி. தொடர்க. ஒரு வரியில் முதல்வர் தயங்குகிறார். குக்கீ ஒன்றை எடுக்கிறார். தொடர்க.

சுவரில் பெரிய வெள்ளைத் தாள் ஒட்டப்படுகிறது. தலைப்பு: வருகைக் குறைவு. பத்து நாளுக்கு ஒரு நாள் வராவிட்டால் அந்தப் பிள்ளை நாட்பட்ட விடுப்பாளர். வேர்க்காரணம் கண்டுபிடிக்க ஐந்து முறை 'ஏன்' கேட்க வேண்டும். மார்க்கரின் மூடி திறக்கிறது.

ஏன் வருவதில்லை? காலையில் தாமதம். ஏன் தாமதம்? வீட்டில் ஒழுங்கு இல்லை. ஏன்? பெற்றோருக்கு வருகையின் அருமை தெரியவில்லை. ஏன்?

பாட்டி கை தூக்குகிறார். பேருந்து என்கிறார். ஆறு இருபதுக்கு வருகிறது. அரை மைல் தள்ளி நிற்கிறது. மழை நாளில் வழியிலுள்ள ஓடையைத் தாண்ட முடியாது. அதை விட்டால் வேறு வண்டி இல்லை. மருமகன் எண்ணெய்க் கிணற்று வேலைக்குக் காரை எடுத்துப்போய்விடுகிறார். உதவி ஆசிரியை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்கிறார். இந்த முறை ஒரு சொல்லும் குறையவில்லை.

மாவட்ட அம்மாள் மெல்லப் பேசுகிறார். பேருந்து மாவட்டம் செய்யவேண்டிய காரியம். டைட்டில் ஒன் அதற்கு மேலே சேர்ப்பதற்கு. அதற்குப் பதிலாக நிற்பதற்கு அல்ல. நல்ல கருத்து. விட்டுவிட வேண்டாம்.

பக்கத்துச் சுவரில் இன்னொரு தாள். கூட்டத்தின் பொருளுக்கு வெளியே உள்ளவற்றை எழுதிவைப்பது. அதற்குப் பெயர் 'வண்டி நிறுத்துமிடம்'. அதில் 'பேருந்து' என்று எழுதப்படுகிறது.

ஐந்தாவது ஏனுக்கு விடை கிடைத்துவிட்டது: விழிப்புணர்வு. முடிவு: வருகை மாதத்துக்கு ஒரு துணிப் பதாகை, இரு மொழியில்.

ஆளுக்கு மூன்று பச்சைப் பொட்டு. முக்கியம் என்று படுவதன் பக்கத்தில் ஒட்ட வேண்டும். வாசிப்பு, கணக்கு, வருகை, குடும்ப ஈடுபாடு. வரிசையாக எழுந்து போகிறார்கள். வாசிப்பின் பக்கம் பச்சை மொய்க்கிறது. பாட்டி பேரனின் பையோடு எழுகிறார். நான்கையும் பார்க்கிறார். நடந்து போய் வண்டி நிறுத்துமிடத்தில் மூன்று பொட்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டுகிறார். யாரோ சிரிக்கிறார்கள். மாவட்ட அம்மாள் இரண்டு தாள்களையும் படமெடுக்கிறார். இரண்டாவது படத்தில் பேருந்து பாதிதான் விழுகிறது.

மணி நாலு ஐம்பது. ஃபைல் நாலு அங்குலத் தடிமன். துளையிட்டு வருகைத் தாளைக் கோக்கும்போது கை நிற்கிறது. பெற்றோர் கட்டம். ஒரே பெயர்.

கதவருகே துப்புரவுப் பணியாளர். இடுப்பில் சாவிக் கொத்து. நாற்காலிகளை எடுக்க அரைமணியாகக் காத்திருக்கிறார்.

"உங்க பொண்ணு இங்கதானே படிக்குது?"

அவர் அடுக்குகளின் கோடியைப் பார்க்கிறார். "ஆமா மேடம்."

பேனா நீளுகிறது. கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்கிறார். மேலே உள்ள கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு, அதே அளவில், தன் பெயரை எழுதுகிறார். பக்கத்தில் நேரம். மேலே 3:15 என்றிருக்கிறது. அவரும் 3:15 என்று எழுதுகிறார்.

ஃபைல் சத்தத்தோடு மூடிக்கொள்கிறது. கார்கள் கிளம்புகின்றன. குக்கீஸ் தட்டில் துகள்கள்.

அவர் நாற்காலிகளை ஆறு ஆறாக அடுக்குகிறார். வெள்ளைத் தாள்களை உரிக்கிறார். ஒன்றைச் சுருட்டி மேசையில் வைக்கிறார். மற்றதைச் சிறிது நேரம் நின்று வாசிக்கிறார். அதையும் சுருட்டுகிறார்.

சிறுமி தரையிலிருந்து மேசைக்கு வந்துவிட்டாள். ஒரு நாய்ப் புத்தகத்தைப் புரட்டுகிறாள். கடைசிப் பக்கத்தைப் பார்க்கிறாள். மூடுகிறாள். அடுத்ததை எடுக்கிறாள்.

அடுக்காத நாற்காலி ஒன்றுதான் பாக்கி. அதில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். அவர் அதை விட்டுவிட்டு ஜன்னல் பக்கத்திலிருந்து கூட்ட ஆரம்பிக்கிறார்.