விளக்கணைந்த வேளை

மாணவர்களுக்கு அரபுப் பாடம் சொல்லிவிட்டு, இஷாத் தொழுகைக்குப் பின் சைக்கிளில் வீடு திரும்புவது நமது நெடுநாளைய வழக்கம். ஐந்து கல் தொலைவு. அதில் பாதி, வாய்க்கால் கரையை ஒட்டிய வயல்வெளி, தெருவிளக்கு கிடையாது. சக்கரத்தில் உரசி எரியும் டைனமோ விளக்கே துணை. மிதிக்கும்வரை எரியும், நின்றால் அணைந்துவிடும். அந்தச் சிறு ஒளி காட்டும் மேடு பள்ளங்களைத் தவிர வேறெதையும் அவ்வழியில் நாம் கண்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், தை மாதத்து நிலவில்லா இரவொன்றில் நடுவழியில் சங்கிலி கழன்றது. இறங்கினோம், விளக்கும் அணைந்தது. தடவித் தடவிச் சங்கிலியை மாட்டி, கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு தலை நிமிர்ந்தோம். அதற்குள் கண் இருளுக்குப் பழகியிருந்தது. உச்சிவானில் ஒரு சிறு விண்மீன் கொத்து. இளமையில் உம்மா முற்றத்தில் நிறுத்திக் காட்டிய அதே கார்த்திகைக் கூட்டம்! அதற்குக் கிழக்கே, கொத்தைத் தொடர்ந்து வருவதுபோல் செம்மை படர்ந்த ஒரு மீன். ரோகிணி.

அக்கணமே உள்ளம் துணுக்குற்றது. கார்த்திகையைத்தானே அரபியர் சுரையா என்றனர்? நம் வீடுகளில் பெண்மக்களுக்குச் சூட்டி மகிழும் பெயரல்லவா அது? ரோகிணியைத்தானே ‘அத்தபரான்’, அதாவது பின்தொடர்வது என்றனர்? சுரையா உதித்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து உதிப்பதால் வந்த பெயர். இச்சொற்களுக்குப் பல்லாண்டுகள் பொருள் சொல்லியிருக்கிறோம். உம்மா தந்த தமிழும் உஸ்தாது தந்த அரபும் நம் நெஞ்சில் அண்டை வீட்டாராய் இருந்தும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை!

முன்னொரு நாள் மாணவர் ஒருவர், "ஹஜரத், அத்தபரான் வானத்தில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். "பொருளை எழுதிக்கொள்ளும், வானம் எங்கும் போய்விடாது" என்று அதட்டினோம். வகுப்பு சிரித்தது. அவர் தலை குனிந்தார். நமக்கு விடை தெரியாதென்பதே உண்மை.

அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி 964ஆம் ஆண்டளவில் இயற்றிய விண்மீன் நூலில், தாலமியின் கணக்குகளை அப்படியே ஏற்கவில்லை. மீன்களின் ஒளியைத் தம் கண்ணால் அளந்து திருத்தினார். ஒவ்வொரு மண்டலத்துக்கும் வானில் தெரிவதுபோல் ஒன்றும், கோளவுருவில் அமைவதுபோல் ஒன்றுமாக இரு படங்கள் வரைந்தார். ஏட்டையும் வானையும் ஒருங்கே வைத்துக் கற்ற மரபு நம்முடையது. அம்மரபின் பெயரைச் சொல்லித்தான் ஒரு மாணவரின் கண்ணை மண்ணுக்குத் திருப்பினோம்.

மறுநாள் இரவு மாணவர்களை மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்றோம். நாம் கைநீட்டுமுன்பே ஒரு சிறுவர், "அது கார்த்திகை, ஹஜரத்! வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகையில் வாப்பா காட்டியிருக்கிறார்" என்றார். அன்று நாம் அவரிடம் பாடம் கேட்டோம்.

அத்தபரானின் ஒளி நம்மை அடைய ஏறத்தாழ 65 ஆண்டுகள் ஆகின்றனவாம். ஐம்பதைக் கடந்த நாம் பிறக்கும் முன்பே புறப்பட்ட ஒளி, அன்றிரவு நம் கண்ணைச் சேர்ந்தது. அன்று வினவிய மாணவரோ ஓதி முடித்து ஊர் சென்றுவிட்டார். அவருக்குரிய விடை இன்னும் நம்மிடம் கடனாகவே இருக்கிறது. இப்போதெல்லாம் அவ்விடம் வந்ததும், சங்கிலி கழலாமலே இறங்கி நிற்கிறோம்.