ஊர்ப் பணத்தில் ஒரு காற்றாலை

நைனார்பாளையம் பக்கத்து டீக்கடைகளில் 'காலநிலை மாற்றம்' என்ற வார்த்தை அதிகம் காதில் விழாது. "ஆடிப்பட்டம் தப்பிப் போச்சு", "போர்ல தண்ணி இன்னும் கீழ போயிடுச்சு", "மக்காச்சோளம் பூ விடற நேரத்துல மழை ஏமாத்திடுச்சு" என்பதுதான் பேச்சு. விஷயம் ஒன்றுதான், பெயர்தான் வேறு.

'இதுக்கெல்லாம் கவர்மென்ட்தான் ஏதாவது செய்யணும்' என்று பேச்சை முடித்துவிடுகிறோம். அந்த கவர்மென்ட்டின் ஒரு துண்டு நம் ஊரிலேயே இருக்கிறது. அதுதான் ஊராட்சி மன்றம்.

மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி இதைப் புரிந்துகொண்டது. அங்கே ஆர்.சண்முகம் 1996 முதல் பத்து ஆண்டுகள் தலைவராக இருந்தார். குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் கரன்ட் பில் ஏறிக்கொண்டே போனது. ஊராட்சி தன் சேமிப்பிலிருந்து 40 லட்சம் ரூபாய் போட்டது, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கியது. 2006-ல் 1.55 கோடி ரூபாய் செலவில் 350 கிலோவாட் காற்றாலை வந்தது. ஊர்த் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை விற்றுக் கடனையும் கட்டினார்கள்.

எல்லா ஊரும் காற்றாலை வைக்க முடியாது. ஆனால், பணம் வரும் வழிகள் எல்லா ஊருக்கும் உண்டு. 15-வது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, சுகாதாரம் ஆகியவற்றுக்கே செலவிட வேண்டும் என்றது. 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு போட்டால், மீதியை அரசு தருகிறது.

சிக்கலும் அங்கேதான். பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பகுதிகளுக்கு இது குறைவு. வெளிநாட்டில் பிள்ளைகள் சம்பாதிக்கிற ஊர் ஒரே வாரத்தில் கட்டிவிடும். மானாவாரியை நம்பியிருக்கிற ஊர் என்ன செய்யும்? மழை பொய்த்தால் முதலில் அடிபடுவது அந்த ஊர்தான், பங்குத்தொகை திரட்டத் திணறுவதும் அதே ஊர்தான்.

2017-ல் தொடங்கிய குடிமராமத்துத் திட்டம் இதற்கு ஒரு வழி காட்டியது. ஏரிப் பாசன விவசாயிகளின் பங்கு 10 சதவீதம். அதைப் பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை, உடலுழைப்பாகவும் தரலாம். மண்வெட்டி பிடிப்பவரின் வியர்வையும் கணக்கில் வந்தது. ஊரை நம்பித் தரும் எந்த நிதிக்கும் இந்தக் கணக்குதான் நியாயம்.

குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. ரோடும் தெருவிளக்கும் கேட்கிற அதே கூட்டத்தில் இன்னொன்றையும் கேட்கலாம்: "தண்ணிக்குன்னு இந்த வருஷம் எவ்வளவு வந்தது, எந்த ஏரிக்குப் போச்சு?" பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.