வேக்ஸ், ஸ்ட்ரிப், அப்புறம் ஒரு கேள்வி

அக்கா வீட்டு முன்னறையில பார்லர் ஆரம்பிச்சப்போ கணக்கு எழுதற வேலை என் தலையில விழுந்தது. டிஸ்போசபிள் ஸ்ட்ரிப் பில்லைப் பார்த்துட்டு, "பழைய ஜீன்ஸை வெட்டி, துவைச்சுத் துவைச்சுப் போட்டா காசு மிச்சமாச்சே"ன்னேன்.

அக்கா முறைச்சா. "இழுக்கறப்போ சில சமயம் பொட்டு ரத்தம் வரும்டி. அதை அடுத்தவ கால்ல ஒட்டச் சொல்றியா?"

நான் கப்சிப்.

வேக்ஸ் வாங்கறதுலயும் அவ கறார்தான். கை, காலுக்கு ஸ்ட்ரிப் வேக்ஸ். முடி வளர்ற பக்கமா மெல்லிசா தடவி, எதிர்ப்பக்கமா, தோலை ஒட்டினாப்புல இழுக்கணும். மேல தூக்கி இழுத்தா முடி பாதியில அறுந்துடும். அக்குள், மேலுதட்டுக்கு ஹார்ட் வேக்ஸ். இதுக்கு ஸ்ட்ரிப்பே வேணாம்; இறுகினதும் அதையே உரிச்சுடலாம். தோலை அவ்வளவா பிடிக்காது. சர்க்கரை, எலுமிச்சை போட்டுக் காய்ச்சினது தண்ணியில போயிடும். ரோசின் கலந்ததுன்னா எண்ணெய் வேணும், சிலருக்கு அலர்ஜியும் வரும்.

போன மாசம் மறுநாள் நிச்சயதார்த்தம்னு ஒரு பொண்ணு ஓடி வந்தா. மேலுதட்டுக்கு வேக்ஸ் போடணுமாம். "பருவுக்கு க்ரீம் ஏதாச்சும் போடறியாம்மா?"ன்னா அக்கா. ட்ரெட்டினாயின்! தோல் மெலிஞ்சிருக்கும், முடியோட சேர்ந்து உரிஞ்சு வந்துடும்னு திருப்பி அனுப்பிட்டா.

"வந்த காசை விட்டுட்டியே"ன்னேன்.

"முன்ன ஒருத்தியைக் கேக்காம விட்டேன். அவ கல்யாண ஆல்பத்துல அந்தத் தழும்பு இன்னும் இருக்கு."

அதுக்கப்புறம் ஸ்ட்ரிப் பில்லுல நான் கை வைக்கறதில்லை. உங்க பார்லர்ல கேக்கலைன்னா நீங்களே சொல்லிடுங்க மக்களே.