பேச்சாளர் போன பிறகு

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப் பகுதிகளில் புதிய ஆண்டு பிறந்ததும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்கள் தொடங்கிவிடும். சில இடங்களில் பல பாடசாலைகளின் சங்க உறுப்பினர்களை ஒன்றுசேர்த்து ஒருநாள் கருத்தரங்கும் நடத்துவார்கள். மேடை அலங்கரிக்கப்படும். பிரதம அதிதிக்கு மாலை, விசேட பேச்சாளருக்குப் பொன்னாடை, எல்லோருக்கும் தேநீர். உற்சாகமூட்டும் உரை ஒன்று இல்லாமல் இத்தகைய கூட்டம் முடிவதில்லை.

அந்த உரைகளைக் குறை கூறுவது என் நோக்கமல்ல. அவை எமது பிள்ளைகளுக்கு எதை விட்டுச் செல்கின்றன என்பதே என் கேள்வி.

முன்னால் அமர்ந்து கேட்பவர்கள் யார் என்பதை முதலில் பார்ப்போம். தோட்டப் பாடசாலைச் சங்கத்தின் உறுப்பினர் பெரும்பாலும் றப்பர் மரத்தில் பால் வெட்டுபவர், அல்லது கொழுந்து பறிக்கும் தாய். தோட்டத்திலே ஒருநாள் வேலைக்கு ‘பேர்’ என்று சொல்வார்கள். வேலை நாளில் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய பேர் இல்லை. பேர் இல்லையென்றால் அன்றைய சம்பளமும் இல்லை. எனவே எமது கூட்டங்களுக்கு மிகப் பெரிய நன்கொடை கொடுப்பவர் மேடையில் இல்லை, பின்வரிசையில் இருக்கிறார்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தோட்டப் பாடசாலைகள் நீண்ட காலம் தோட்ட நிருவாகத்தின் கீழேயே இருந்தன. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிவு என்பதே பல இடங்களில் நிலைமை. 1970களில் தொடங்கித்தான் அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. தம் பிள்ளையின் பாடசாலைக் காரியத்தில் வாய் திறந்து பேசும் உரிமை இந்தப் பெற்றோருக்குக் கிடைத்து அதிக காலம் ஆகவில்லை. பஸார் கடைகளை நடத்தும் எமது முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றின் பிள்ளைகளும் இவர்களின் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் அமர்ந்துதான் தமிழ்மொழியில் கற்கிறார்கள். ஆகவே இது அடுத்த வீட்டுப் பிரச்சினையன்று, எமது பிரச்சினையும்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் கேகாலை மாவட்டத்தில் நடந்த அப்படியொரு கருத்தரங்குக்கு நானும் போயிருந்தேன். கொழும்பிலிருந்து வந்த பேச்சாளர் ஒன்றரை மணி நேரம் பேசினார். நல்ல பேச்சு. ஏழ்மையில் பிறந்து உயர்ந்தவர்களின் வரலாறுகளைச் சொன்னபோது பலர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். “கேள்விகள் உண்டா?” என்று கேட்டதும் ஒரு தாய் எழுந்தார்.

“சேர், நீங்க சொன்னதெல்லாம் கேக்க சந்தோசமா இருக்கு. எங்க பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர் மாறிப் போயி ஒரு வருசமாகுது. பிள்ளைக்கு ஆசைய நாங்க ஊட்டிருவோம். கணக்க யாரு சேர் ஊட்டுறது?”

சபை அமைதியாகிவிட்டது. முயன்றால் முடியாதது இல்லை என்று பேச்சாளர் பதில் கூறினார். கைதட்டினார்கள். அந்தத் தாய் கைதட்டவில்லை, அமர்ந்துகொண்டார். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறினால் உயர்தர வகுப்பின் கதவு திறப்பது கடினம். அதன்பின் பையனுக்குக் கொழும்பில் கடை வேலை, பெண்பிள்ளைக்குத் தையல் தொழிற்சாலை அல்லது வளைகுடா நாட்டில் வீட்டுப் பணி. அந்தத் தாயின் கேள்விக்குள் இத்தனையும் இருந்தன.

சகோதர சகோதரிகளே! உபதேசம் எமது மார்க்கத்தில் உயர்ந்த காரியம். ஆனால் அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் வியாழக்கிழமைகளில் மட்டுமே மக்களுக்கு உபதேசம் செய்து வந்தார்கள். நாள்தோறும் செய்யுமாறு ஒருவர் கேட்டபோது, மக்கள் சலிப்படைவதைத் தாம் விரும்பவில்லை என்றும், நபி (ஸல்) அவர்களும் இவ்வாறே இடைவெளி விட்டு உபதேசித்தார்கள் என்றும் விளக்கினார்கள். குத்பாவைச் சுருக்கமாக அமைப்பதை நபி (ஸல்) அவர்கள் மார்க்க விளக்கத்தின் அடையாளமாகக் காட்டியதையும் நாம் அறிவோம்.

இதைவிடப் பெரிய பாடம் முஸ்அப் இப்னு உமைர் (ரழி) அவர்களின் வாழ்வில் இருக்கிறது. முதலாம் அகபா உடன்படிக்கைக்குப் பின் நபி (ஸல்) அவர்கள் அவரை மதீனாவுக்கு அனுப்பினார்கள். அவர் ஓர் உரை நிகழ்த்திவிட்டுத் திரும்பவில்லை. அஸ்அத் இப்னு ஸுராரா (ரழி) அவர்களின் வீட்டில் தங்கி, வீடு வீடாகச் சென்று குர்ஆனைக் கற்பித்தார். முதல் உடன்படிக்கையில் பன்னிரண்டு பேர். அடுத்த ஆண்டு அகபாவுக்கு வந்தவர்களோ எழுபதுக்கும் மேல். தங்கிய விருந்தாளியும், இடம் கொடுத்த வீட்டுக்காரரும் சேர்ந்து செய்த வேலை அது.

எமது நாட்டு வரலாறும் இதைத்தான் சொல்கிறது. எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்ட ஒராபி பாஷா 1883இல் இலங்கைக்கு வந்தார். கல்வியில் பின்தங்கிக் கிடந்த முஸ்லிம்களுக்கு அவரது வருகை பெரும் எழுச்சியைத் தந்தது. ஆனால் அவர் வருவதற்கு முன்பே, 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிக் கல்விக்காக எழுதி வந்தவர் கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி சித்திலெப்பை. 1884இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் அவர் தொடங்கிய பாடசாலை நீடிக்கவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. கொழும்பு நூதனசாலையைக் கட்டிய ஒப்பந்தகாரர் வாப்பிச்சி மரைக்கார் முன்வந்தார். 1892இல் மருதானைப் பள்ளிவாசலை அண்டி மத்ரஸதுல் கைரியதுல் இஸ்லாமிய்யா திறக்கப்பட்டபோது ஒராபி பாஷாவும் அங்கே இருந்தார். பின்னாளில் ஸாஹிறாக் கல்லூரியானது அதுவே. பாஷா 1901இல் தாயகம் திரும்பினார். கல்லூரி இன்றும் இருக்கிறது. விருந்தாளி மூட்டிய நெருப்பைக் காத்தவர்கள், பேனா பிடித்த ஒருவரும் கல்லடுக்கத் தெரிந்த ஒருவரும்தாம்.

அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களையும் நினைத்துப் பாருங்கள். எமது சமூகத்தின் சிறந்த பேச்சாளர்களில் ஒருவர். ஆனால் ஏழை மாணவர்கள் அவரை நினைவுகூர்வது அவரது பேச்சுக்காக மட்டுமல்ல. 1945இல் அவர் நிறுவிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதிக்காகவும்தான்.

இனி எமது சங்கங்கள் என்ன செய்யலாம்? கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். யாரும் பேரை இழக்க வேண்டாம். பேச்சாளரை அழைக்கும்போதே பாடசாலையின் நிலைமையை எழுதி அனுப்புங்கள்: எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, எத்தனை பிள்ளைகள் இடையில் நின்றார்கள், ஏன் நின்றார்கள். உரைக்கு அரை மணி நேரம் போதும். மீதி நேரம் பெற்றோர் பேசட்டும். புறப்படுமுன் ஒரு காரியத்தையாவது அவர் பொறுப்பேற்கட்டும். அது வலயக் கல்வி அலுவலகத்துக்குச் சங்கத்தோடு சேர்ந்து எழுதும் கடிதமாக இருக்கலாம், ஒரு பிள்ளையின் உயர்தரப் படிப்புச் செலவாகவும் இருக்கலாம். பொன்னாடைக்கும் நினைவுச் சின்னத்துக்கும் போகும் பணம் அப்பியாசக் கொப்பிகளாக மாறட்டும். மூன்று மாதம் கழித்துச் சங்கம் மீண்டும் கூடி, சொன்னது நடந்ததா என்று பார்க்கட்டும்.

பேச்சாளரைத் தூரத்திலும் தேட வேண்டியதில்லை. நான் மேலே சொன்ன அந்தப் பாடசாலையில் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். அதே தோட்டத்து லயத்தில் பிறந்து பல்கலைக்கழகம் சென்ற ஒரு மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். சங்கத்தார் அவளிடம் போய்க் கேட்டார்கள். கோயில் மண்டபத்தில் சனி, ஞாயிறு கணித வகுப்பு தொடங்கியது. பஸார் கடைக்காரர் ஒருவர் கரும்பலகை வாங்கிக் கொடுத்தார். பால் வெட்டும் தகப்பன்மார் முறைவைத்துப் பிள்ளைகளை இருட்டுமுன் வீட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். அவள் ஒருநாளும் மேடையேறவில்லை. ஆனால் அந்தத் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் கேட்ட உரைகளில் மிகச் சிறந்தது அவள் வாழ்க்கைதான்.

ஆசிரியர் நியமனம் அரசாங்கத்தின் கடமை. அதை விடாமல் கேட்க வேண்டியது எமது கடமை. அது வரும்வரை பிள்ளையின் வயது காத்திருக்காது. செய்யாததைச் சொல்வதை அல்லாஹ் வெறுக்கிறான் என்பதை மேடையில் இருப்பவரும் கீழே இருப்பவரும் நினைவில் கொள்வோம். கேட்ட நல்ல சொல்லைச் செயலாக்கும் கூட்டத்தில் எம் அனைவரையும் அல்லாஹ் சேர்த்தருள்வானாக! ஆமீன்.